'ஸ்கேனர் இல்லை' என்ற கணினியும் பெரியம்மாவின் சொப்பிங் பையும்

கட்டைபறிச்சானில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கும் பெரியம்மாவிடம் ஒரு சொப்பிங் பை இருக்கிறது. அதற்குள் என்ன இருக்கும் என்று இதை வாசிக்கும் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டையின் பிரதி, பொலிஸ் முறைப்பாட்டின் காபன் பிரதி, செஞ்சிலுவைக் குழுவிடமிருந்து வந்த கடிதம், 2013 இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவுக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் பிரதி, பாடசாலைச் சீருடையுடன் ஒரு படம். 2006 ஆகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டபோது தொடங்கி வெருகல், வாகரை, மட்டக்களப்பு முகாம்கள் என்று பெரியம்மா போன இடமெல்லாம் அந்தப் பையும் போனது. மழையில் நனைந்தது. ஒருமுறை கறையானும் பிடித்தது.

கடந்த மாசியில் பெரியம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. திங்கட்கிழமை விசாரணைக்கு வரவேண்டும், எல்லா ஆவணங்களினதும் பிரதிகளைக் கொண்டுவர வேண்டும். கடிதம் கையில் கிடைத்தது வெள்ளிக்கிழமை மாலை. போட்டோ கொப்பிக் கடையில் மற்றவை எல்லாம் வந்தன. முக்கியமான காபன் பிரதி மட்டும் வெறும் சாம்பல் நிறத் தாளாக வந்தது. எழுத்து அவ்வளவு மங்கியிருந்தது.

"போனில படம் எடுத்துப் பார் பிள்ளை" என்றார் பெரியம்மா. எடுத்தேன். மடிப்புகளின் நிழல்தான் விழுந்தது. இப்படியான தாளை ஸ்கேனரில் 600 புள்ளி நுணுக்கத்தில் எடுத்து, பிறகு வெளிச்சத்தையும் அழுத்தத்தையும் கூட்டிக் குறைத்தால் எழுத்துத் தெளியும் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் பழைய பிரின்டர் ஒன்று இருக்கிறது, மேல்மூடியைத் திறந்தால் ஸ்கேனும் பண்ணலாம். புதிய விண்டோஸில் அதற்கான இயக்கி கிடைக்காததால், திருகோணமலையில் கணினி திருத்தும் தம்பி ஒருவர் என் பழைய லப்டொப்பில் லினக்ஸ் போட்டுத் தந்திருந்தார்.

சனிக்கிழமை காலை பிரின்டரைப் பூட்டினேன். ஸ்கேன் செய்யும் செயலியைத் திறந்தேன். "ஸ்கேனர் எதுவும் இல்லை" என்றது.

கண் முன்னால் பச்சை விளக்கு எரிகிறது. இயந்திரம் மேசையில் இருக்கிறது. ஆனால் கணினி இல்லை என்கிறது. நான் ஊடகக் கற்கை படித்தவள், பொறியியலாளர் அல்ல. அன்று தம்பி தொலைபேசியில் சொல்லச் சொல்ல நான் செய்ததையும், பிறகு வாசித்து விளங்கிக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இப்படியான பைகளும் இப்படியான பழைய இயந்திரங்களும் இருக்கின்றன.

கணினிக்குள் ஒரு சோதனைச் சாவடி

போர்க்காலத்தில் கட்டைபறிச்சானில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. மூதூர் நகரப் பக்கம் இராணுவம், சம்பூர்ப் பக்கம் புலிகளின் கட்டுப்பாடு. இடையில் நினைத்தபடி யாரும் நடந்து போக முடியாது. ஒரு வாசல், அங்கே கேட்கும் கேள்விகள், காட்டவேண்டிய காகிதங்கள். கணினிக்குள்ளும் இப்படி ஒரு கோடு இருக்கிறது, ஆனால் அது நல்ல காரணத்துக்காகப் போடப்பட்டது.

நாம் திறக்கும் செயலிகள் எல்லாம் கோட்டின் இந்தப் பக்கம் ஓடுகின்றன. அந்தப் பக்கம் ஓடுவது கேர்னல். எங்களுக்கு இந்தச் சொல் காதில் விழுந்தவுடன் வேறு ஞாபகம் வரும். இது அந்தப் பதவி அல்ல. கொட்டைக்குள் இருக்கும் பருப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், இயங்குதளத்தின் உள்மையத்துக்கு வைத்த பெயர். நினைவகம், வன்தட்டு, யூஎஸ்பி எல்லாவற்றையும் நேரடியாகத் தொடும் உரிமை கேர்னலுக்கு மட்டும்தான். இந்தப் பிரிவைச் செயலியின் சிப்பே காவல் காக்கிறது. இன்டெல் வகைச் சிப்புகளில் கேர்னல் 0 ஆம் வளையத்திலும், நம்முடைய செயலிகள் 3 ஆம் வளையத்திலும் ஓடும். பிழையாக எழுதிய ஒரு செயலி வன்தட்டையோ இன்னொரு செயலியின் நினைவகத்தையோ நாசமாக்காமல் இருப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு.

ஒவ்வொரு கருவியோடும் எப்படிப் பேசவேண்டும் என்று தெரிந்த சிறு நிரல்தான் இயக்கி. ஆங்கிலத்தில் டிரைவர். பெரும்பாலான இயக்கிகள் கேர்னலுக்குள் இருக்கும். ஆகவே ஒரு செயலி ஸ்கேனரோடு பேச விரும்பினால் வாசலுக்கு வந்து கேர்னலிடம் கேட்க வேண்டும். இந்தக் கேட்டலுக்கு சிஸ்டம் கோல் என்று பெயர்.

லினக்ஸில் கருவிகளும் கோப்பு மாதிரியே தெரியும். 'டெவ்' என்ற கோப்புறைக்குள் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர் இருக்கும். செயலி அதைத் திறக்கச் சொல்லும், வாசிக்கச் சொல்லும், எழுதச் சொல்லும். ஆனால் ஒரு கருவிக்கு வாசிப்பும் எழுத்தும் மட்டும் போதாது. வேகத்தை மாற்று, உள்ளே இருப்பதை வெளியே தள்ளு, இந்தப் பகுதியை எனக்கு ஒதுக்கு என்று தனிக் கட்டளைகள் வேண்டும். இதற்காக 1979 இல் வெளிவந்த யுனிக்ஸின் ஏழாம் பதிப்பிலேயே 'ஐ.ஓ. கண்ட்ரோல்' என்ற வழி வந்துவிட்டது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் இலக்கம். அந்த இலக்கமும் அதோடு அனுப்பும் தரவின் வடிவமும் செயலி பக்கமும் இயக்கி பக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் மாறினாலும் பேச்சு முறிந்துவிடும்.

'இல்லை' என்பது பல வகை

வாசலில் கேட்டது நடக்கவில்லை என்றால் கேர்னல் சும்மா இருக்காது. ஓர் இலக்கத்தைத் திருப்பித் தரும். லினக்ஸில் அடிக்கடி வரும் சில இலக்கங்கள் இவை:

2 – அப்படி ஒரு பெயரே இல்லை.
5 – கருவியோடு பேசும்போது பிழை. வயர் அல்லது வன்பொருள் சந்தேகம்.
13 – இருக்கிறது, உனக்கு அனுமதி இல்லை.
16 – இருக்கிறது, வேறொருவர் பிடித்து வைத்திருக்கிறார்.
19 – கருவியைக் காணவில்லை. இடையில் கழற்றப்பட்டிருக்கலாம்.
25 – இந்தக் கட்டளை இந்தக் கருவிக்குப் பொருந்தாது.
110 – கேட்டேன், குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை.

25 ஆம் இலக்கத்துக்குப் பழைய விளக்கம் 'இது தட்டச்சு இயந்திரம் அல்ல' என்பது. அந்தக் காலத்தில் கணினியோடு பேசப் பயன்பட்டவை தட்டச்சு இயந்திரம் போன்ற முனையங்கள், கட்டளைகளும் அவற்றுக்காகவே எழுதப்பட்டன. அந்த வாசகம் பல வருடம் அப்படியே தொடர்ந்து ஆட்களைக் குழப்பியது.

சிக்கல் என்னவென்றால், இந்த இலக்கம் எங்களிடம் வந்து சேர்வதில்லை. ஸ்கேன் செயலி நேரே கேர்னலிடம் போவதில்லை. அது ஸ்கேனர் நூலகம் ஒன்றிடம் கேட்கும், அந்த நூலகம் யூஎஸ்பி நூலகத்திடம் கேட்கும், அதுதான் வாசலுக்குப் போகும். கேர்னல் '13' என்று சொன்னால், நடுவில் இருப்பவர் 'திறக்க முடியவில்லை' என்று மாற்றி, மேலே இருப்பவர் 'எதுவும் கிடைக்கவில்லை' என்று சுருக்கி, கடைசியில் எங்கள் திரையில் 'ஸ்கேனர் இல்லை' என்று வரும்.

அன்று காலை பெரியம்மாவுக்கு இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "எங்களுக்கும் அப்பிடித்தானே பிள்ளை சொன்னவங்கள்" என்றார். பதினெட்டு வருடமாக அவருக்குக் கிடைத்த பதிலும் ஒரே ஒரு 'இல்லை'தான். எந்த மேசையில், எந்தக் காரணத்துக்காக அந்தச் சொல் எழுதப்பட்டது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

முதல் வாசல்: கேர்னலின் நாட்குறிப்பு

தம்பி முதலில் கேட்டது: "அக்கா, பிரின்டரை ஒருக்காக் கழற்றிப் பூட்டுங்கோ. பூட்டினவுடன கேர்னல் என்ன எழுதுது எண்டு பாப்பம்."

கேர்னல் தான் கண்டதையெல்லாம் ஒரு நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். 'டி-மெசேஜ்' என்ற கட்டளையை நிர்வாகி உரிமையோடு அடித்தால் அதை வாசிக்கலாம். ஒரு யூஎஸ்பி கருவியைப் பூட்டியதும் புதுக் கருவி வந்தது, அதன் வேகம் இது, தயாரிப்பாளர் இலக்கம் இது, மாதிரி இலக்கம் இது என்று வரிகள் விழவேண்டும்.

என் கணினியில் ஒரு வரியும் விழவில்லை.

கேர்னலே காணாததைச் செயலி எப்படிக் காணும்? இது மென்பொருள் பிரச்சினை அல்ல. நான் வேறு வயர் மாற்றினேன், சதுர முனை கொண்ட சாதாரண பிரின்டர் வயர்தான். வரிகள் விழுந்தன. நான் கண்டுபிடித்த முதல் 'இல்லை' வயருக்குள் இருந்தது. இந்த ஒரு படியைத் தாண்டாமல் பலர் இயங்குதளத்தையே அழித்துத் திரும்பப் போடுகிறார்கள்.

இரண்டாம் வாசல்: அனுமதி

வயர் மாற்றிய பிறகும் செயலி அதையேதான் சொன்னது. யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் கட்டளையை அடித்தால் பிரின்டரின் பெயர் வருகிறது. அப்படியென்றால் கேர்னல் காண்கிறது, செயலி காணவில்லை. இடையில் என்ன நடக்கிறது?

இதற்கு 'எஸ்-ட்ரேஸ்' என்று ஒரு கருவி இருக்கிறது. 1991 இல் போல் கிரானன்பேர்க் என்பவர் சன் நிறுவனத்தின் இயங்குதளத்துக்காக எழுதியது, பிறகு லினக்ஸுக்கு வந்தது. ஒரு செயலியை இதன் வழியாக ஓட்டினால், அது வாசலுக்குப் போய்க் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் கேர்னல் கொடுத்த ஒவ்வொரு பதிலையும் வரிவரியாக எழுதிக் காட்டும். நடுவில் இருப்பவர்கள் மாற்றிச் சொல்வதற்கு முந்திய, அசல் பதில்.

ஆயிரக்கணக்கான வரிகள் வந்தன. எல்லாவற்றையும் வாசிக்கத் தேவையில்லை. யூஎஸ்பி கோப்புறையின் பெயரைத் தேடி, அதன் முடிவில் என்ன பதில் என்று பார்த்தால் போதும். செயலி பிரின்டரின் கோப்பைத் திறக்கக் கேட்டிருக்கிறது. பதில்: கழித்தல் 1, அனுமதி மறுக்கப்பட்டது. அதாவது 13.

ஸ்கேனர் இல்லாமல் இல்லை. எனக்கு அனுமதி இல்லை.

சரியா என்று பார்க்க அதே செயலியை ஒருமுறை நிர்வாகி உரிமையோடு ஓட்டினோம். ஸ்கேனரைக் கண்டது. இந்த இடத்தில் பலர் எப்போதும் நிர்வாகி உரிமையோடே ஓட்டிப் பழகிவிடுவார்கள். அது கதவு திறக்கவில்லை என்று சுவரை உடைப்பது போன்றது, பாதுகாப்பும் போய்விடும். சரியான வழி வேறு. எந்தக் கருவி பூட்டப்பட்டால் யாருக்கு அனுமதி என்ற விதிகள் 'யூ-டெவ்' என்ற பகுதியில் எழுதப்பட்டிருக்கும். எங்கள் பழைய மாதிரி அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. தயாரிப்பாளர் இலக்கத்தையும் மாதிரி இலக்கத்தையும் வைத்து ஒரு வரி விதி எழுதி, பிரின்டரைக் கழற்றித் திரும்பப் பூட்டினோம்.

செயலி ஸ்கேனரின் பெயரைக் காட்டியது. பெரியம்மா காபன் பிரதியைக் கண்ணாடியில் வைத்தார். நான் ஸ்கேன் பொத்தானை அழுத்தினேன்.

"கருவியைப் பயன்படுத்த முடியவில்லை" என்று வந்தது.

மூன்றாம் வாசல்: வேறொருவர் கையில்

திரும்பவும் எஸ்-ட்ரேஸ். இந்த முறை திறக்கும் வேலை சரியாக நடந்திருந்தது. அடுத்து யூஎஸ்பி நூலகம் ஓர் ஐ.ஓ. கண்ட்ரோல் கட்டளை அனுப்பியிருந்தது. பதில் 16, வேறொருவர் பிடித்து வைத்திருக்கிறார். யார் என்று அந்த இலக்கம் சொல்லாது. ஆனால் கேர்னலின் நாட்குறிப்பில் அதே நேரத்தில் ஒரு வரி இருந்தது. பிரின்டர் பகுதியை 'யூஎஸ்பி-எல்பி' என்ற இயக்கி வைத்திருக்கும்போது ஸ்கேன் நிரல் கருவியின் அமைப்பை மாற்றப் பார்க்கிறது என்பது அதன் பொருள்.

விளக்கம் இதுதான். பிரின்டரும் ஸ்கேனரும் சேர்ந்த இயந்திரம் கேர்னலுக்கு ஒரே கருவிக்குள் இருக்கும் இரண்டு பகுதிகள். பூட்டியவுடனேயே கேர்னலின் பழைய பிரின்டர் இயக்கி பிரின்டர் பகுதியைத் தனதாக்கிக்கொள்கிறது. ஸ்கேன் நூலகம் முழுக் கருவியின் அமைப்பையும் தொடக் கேட்கிறது. ஒரு பகுதி இன்னொருவர் கையில் இருக்கும்வரை கேர்னல் அதற்கு விடாது. இரண்டு நிரலுமே பிழை செய்யவில்லை. ஒன்று இருப்பது மற்றதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

தம்பி அந்த இயக்கியைக் கேர்னலிலிருந்து இறக்கும் கட்டளையைச் சொன்னார். இன்றைய லினக்ஸில் அச்சிடும் பகுதி யூஎஸ்பி நூலகம் வழியாகவே பிரின்டரோடு பேசும் என்பதால் அச்சு வேலையும் தடைப்படவில்லை. பிறகு, கணினி தொடங்கும்போது அது தானாக ஏறாதபடி தடைப்பட்டியலிலும் சேர்த்தோம்.

ஸ்கேனரின் விளக்கு நகரத் தொடங்கியது. மூன்றாவது தாளில் நின்றது. இம்முறை நாட்குறிப்பைப் பார்க்கவே காரணம் தெரிந்தது. யூஎஸ்பி கருவி துண்டிக்கப்பட்டது, திரும்ப வந்தது, துண்டிக்கப்பட்டது என்று வரிகள். பிரின்டரின் மின் பிளக் சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு காகிதத்தை மடித்துச் செருகினோம்.

நிரல் தொங்கி நின்றால்

எல்லாப் பிழையும் இலக்கத்தோடு வருவதில்லை. சில நேரம் செயலி பதில் இல்லாமல் அப்படியே நிற்கும். அப்போது ஓடும் நிரல்களின் பட்டியலில் அதன் நிலை எழுத்தைப் பாருங்கள். 'எஸ்' என்றால் அது சாதாரணமாக ஏதோ ஒன்றுக்குக் காத்திருக்கிறது. 'டி' என்றே நீண்ட நேரம் இருந்தால், அது கேர்னலுக்குள் போய் கருவியின் பதிலுக்காக இடைநிறுத்த முடியாதபடி காத்திருக்கிறது. கொல்லும் கட்டளை கொடுத்தாலும் பெரும்பாலும் சாகாது. அந்தச் செயலியைத் திட்டிப் பயனில்லை, பிழையை இயக்கியிலோ கருவியிலோ தேடவேண்டும். யூஎஸ்பி தடத்தில் போய்வரும் செய்திகளையே ஒட்டுக்கேட்க கேர்னலில் 'யூஎஸ்பி-மொன்' என்ற வசதி உண்டு. வயர்ஷார்க் மென்பொருளில் அதைத் திறந்து பார்க்கலாம்.

இயக்கி எழுதப் பழகும் எங்கள் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கருவி பதில் தராததற்கும், அனுமதி இல்லாததற்கும், கட்டளை தெரியாததற்கும் ஒரே இலக்கத்தைத் திருப்பாதீர்கள். நீங்கள் மறைக்கும் காரணத்தை இன்னொரு ஊரில் ஒருவர் ஒரு நாள் முழுக்கத் தேடுவார்.

காரணத்தை மறைப்பது சிறிய விடயம் அல்ல. 1980 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுகூடத்தில் ரிச்சர்ட் ஸ்டோல்மனுக்கு ஒரு புதிய ஸெரொக்ஸ் பிரின்டரை இயக்கும் நிரலின் மூலம் மறுக்கப்பட்டது. தாள் சிக்கினால் பாவனையாளருக்கு அறிவிக்கும்படி அதைத் திருத்த வேண்டும் என்பதே அவர் கேட்டது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கியதற்கான காரணங்களில் ஒன்றாக அவர் அந்த மறுப்பைச் சொல்லிவருகிறார். அந்த இயக்கம் இல்லாவிட்டால் நான் அந்தச் சனிக்கிழமை வாசித்த நாட்குறிப்பும் இருந்திருக்காது.

செய்யும்போது கவனிக்கவேண்டியவை

கீழிருந்து மேலே வாருங்கள். வயரும் மின்சாரமும், பிறகு கேர்னலின் நாட்குறிப்பு, பிறகு கருவிப் பட்டியல், பிறகு அனுமதி, பிறகு எஸ்-ட்ரேஸ். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றி வேலை செய்தால், எது சரிசெய்தது என்று அடுத்த முறை தெரியாது.

இன்னொன்று எங்களுக்கு முக்கியம். எஸ்-ட்ரேஸ் எழுதும் பதிவில் உங்கள் பயனர் பெயர், திறந்த கோப்புகளின் பெயர்கள், சிலவேளை அவற்றின் உள்ளடக்கத் துண்டுகள்கூட இருக்கும். காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயரைக் கோப்புக்கு வைத்திருந்தால் அதுவும் அங்கே இருக்கும். உதவி கேட்டு அந்தப் பதிவை யாருக்கும் அனுப்ப முன்னர், பிழை வந்த சில வரிகளை மட்டும் வெட்டி எடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வெற்றுத் தாளை வைத்து ஸ்கேன் செய்து பதிவு எடுங்கள். ஆவணங்களைக் கடைக் கணினியில் விட்டுவராதீர்கள். இரண்டு பிரதி எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள், முடிந்தால் கடவுச்சொல்லோடு பூட்டுங்கள். 1981 இல் யாழ் நூலகத்தோடு எரிந்த ஏறக்குறைய 97,000 நூல்களில் எத்தனையோ ஒரே பிரதியாக இருந்தவை.

அன்று மாலை நான்கு மணிக்கு 41 பக்கங்களும் முடிந்தன. காபன் பிரதியைக் கடைசியாகத் திரையில் திறந்து, பின்னணியை வெளிறவைத்து, எழுத்தைக் கருமையாக்கினேன். முறைப்பாட்டு இலக்கம் தெரிந்தது. திகதி தெரிந்தது. மகன் உடுத்தியிருந்த சேட்டின் நிறத்தை யாரோ ஒரு பொலிஸ்காரர் எழுதியிருந்ததும் தெரிந்தது.

பெரியம்மா திரைக்குக் கிட்ட வந்து அந்த வரியில் விரலை வைத்தார். "நீலம் எண்டு நான்தான் சொன்னனான்" என்றார். "எழுதினவனோ எண்டு இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாது."

திங்கட்கிழமை அந்தப் பிரதியையும் கொண்டு போனார். அங்கிருந்து இன்னும் பதில் வரவில்லை. அசல் தாள் பழைய சொப்பிங் பையில்தான் இருக்கிறது. ஒரு பென்டிரைவ் அவரிடமும் மற்றது திருகோணமலையில் மகளிடமும் இருக்கின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஒழுங்கையிலிருந்து இன்னும் இரண்டு பேர் பைகளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிளக்கில் செருகிய காகிதத்தை எடுத்துவிட்டு, அதற்கு முன்னர் ஒரு புதிய பிளக் வாங்கிப் பூட்டவேண்டும்.